மணலுக்கும் இருப்புக் கணக்கு போடுங்கள்: மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலத் திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருச்சிப் பக்கம் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிற தொழில் எனக்கு. பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் சைட்டுக்கு எத்தனை யூனிட் மணல் வந்தது, எத்தனை மூட்டை சிமெண்ட் போனது, மிச்சம் என்ன கிடக்கிறது என்று சாயங்காலம் ஆனால் நோட்டில் எழுதி வைக்கிற ஆள். இருப்பு எழுதாமல் வரவை மட்டும் எழுதினால் வேலை எங்கே போய் நிற்கும் என்று எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். உங்களோடு எனக்கு இருக்கும் வழக்கும் அதுதான்.

2024-25ல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்ததாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கணக்கு வந்தபோது எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட ஒரே குஷி. எனக்கும் சந்தோஷம்தான், அந்த வளர்ச்சியில்தானே என் வீட்டு அடுப்பும் எரிகிறது. 2030க்குள் ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்று இலக்கு வைத்திருக்கிறோம். சரி. ஆனால் கூட்டு வட்டிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதானே? 11 சதவீதம் என்றால் ஆறரை வருடத்தில் இரண்டு மடங்கு. கொஞ்சம் அடக்கி 7 சதவீதம் என்று வைத்தாலும் பத்து வருடத்தில் இரண்டு மடங்கு, முப்பது வருடத்தில் ஏழரை மடங்கு. இது ரூபாய்க் கணக்குதானே, ரூபாய்க்கு எடையா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ரூபாய்க்கு இல்லை, அந்த ரூபாயில் எழும்புகிற ஃபேக்டரிக்கும் மேம்பாலத்துக்கும் அப்பார்ட்மெண்டுக்கும் எடை உண்டு. உலகம் முழுக்க பூமியிலிருந்து தோண்டியும் வெட்டியும் எடுக்கிற பொருள் 1970ல் வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 கோடி டன்னாக இருந்தது, இன்றைக்கு 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது என்கிறது ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் கிட்டத்தட்ட பாதி, அதாவது 5,000 கோடி டன், வெறும் மணலும் ஜல்லியும்தான். ரூபாய் எடையில்லாமல் வளர்கிறது என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் விடியற்காலை எங்கள் பைபாஸில் வந்து நின்று டிப்பர் லாரிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மணல் கொள்ளை பற்றிய மடல் இல்லை. மணல் என்று வாயைத் திறந்தாலே பேச்சு கொள்ளைக்குப் போய்விடுகிறது. 2023ல் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது, ஐஐடி கான்பூரை வைத்து 28 குவாரிகளை அளந்தது, அரசுக்கு வந்த வருமானம் 36.45 கோடி என்றும் அள்ளப்பட்டதன் மதிப்பு 4,730 கோடி என்றும் சொன்னது, அது நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தச் சண்டையை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு: ஒரு லாரிகூடத் திருட்டு லாரி இல்லை, எல்லாவற்றுக்கும் பர்மிட் உண்டு, எல்லாவற்றுக்கும் சீனியரேஜ், அதாவது அரசுக்குச் சேர வேண்டிய கனிமக் கட்டணம், கட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது உங்கள் கணக்கு சரியாக இருக்குமா?

இருக்காது. ஆற்றிலிருந்து ஒரு லோடு மணல் ஏறும்போது 'சுரங்கம் மற்றும் குவாரி' என்ற தலைப்பில் மாநில உற்பத்தி கூடுகிறது. லாரி ஓடினால் போக்குவரத்தில் கூடுகிறது. வீடு எழும்பினால் கட்டுமானத்தில் கூடுகிறது. மூன்று இடத்தில் கூட்டல், ஆற்றில் மட்டும் கழித்தல் கிடையாது. அதே கணக்கில், அந்த லாரி பழசாவதற்குத் தேய்மானம் கழித்துத்தான் நிகர உற்பத்தியைச் சொல்கிறீர்கள். பொக்லைனுக்குத் தேய்மானம் உண்டு, பொக்லைன் தோண்டுகிற ஆற்றுக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் பூர்வீக நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறவனைப் பார்த்து 'வருஷா வருஷம் நல்ல வருமானம்பா அவனுக்கு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாநில உற்பத்திக் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

மணல் வெறும் கட்டுமானப் பொருளாக மட்டும் இருந்தால்கூட விட்டுவிடலாம். கொள்ளிடத்தில் மணல் என்பது தண்ணீர்த் தொட்டி. ஆறு வெளியே வறண்டு கிடக்கும், கையால் தோண்டினால் ஊறும். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். திருச்சியைச் சுற்றி ஆற்றுக்கு நடுவே நிற்கிற பெரிய வட்டக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றின் அடியிலிருந்து துளை போட்ட குழாய்கள் நாலாபக்கமும் மணலுக்குள் படுத்திருக்கும், அந்த மணல் வடித்துக் கொடுக்கிற தண்ணீர்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் எங்கெங்கோ போகிறது. முத்தரசநல்லூர்ப் பக்கம் எடுக்கிற காவிரித் தண்ணீரைத்தான் புதுக்கோட்டையும் சிவகங்கையும் ராமநாதபுரமும் குடிக்கின்றன. அந்தத் தொட்டியைத்தான் யூனிட் கணக்கில் விற்கிறோம்.

எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், தப்பிருந்தால் உங்கள் பொறியாளர்களைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2,830 லிட்டர் இடம். நல்ல ஆற்று மணலில், தானாக வடிந்து கிணற்றுக்கு வருகிற தண்ணீர் அந்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும். குறைத்தே போடுவோம், 500 லிட்டர். 20 லிட்டர் கேன் கணக்கில் 25 கேன். எங்கள் தெருவில் ஒரு கேன் 35 ரூபாய் என்றால் 875 ரூபாய். 2022ல் அரசு ஒரு யூனிட் மணலுக்கு வைத்த விலை 1,000 ரூபாய். ஆக, அந்த மணல் ஆற்றிலேயே கிடந்து ஒரே ஒரு தடவை நிறைந்து வடிந்தால் வருகிற தண்ணீரின் கடை விலையே மணல் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மணல் ஒரு தடவைதான் விற்கும். தண்ணீர், வெள்ளம் வருகிற ஒவ்வொரு வருடமும் நிறையும், நம் பேரன் பேத்தி காலத்திலும் நிறையும். எதை விற்று எதை வாங்கிக்கொண்டிருக்கிறோம்?

பள்ளத்திலும் தண்ணீர் நிற்குமே என்று ஒரு பொறியாளர் என்னிடம் வாதாடினார். நிற்கும். வெயிலில் ஆவியாகும், பாசி பிடிக்கும், மணலில் வடிகட்டுவதுபோல் அது வடிகட்டாது. அதைவிடப் பெரிய விஷயம், ஆற்றின் தரை இறங்க இறங்க கரையோரக் கிணறுகளின் தண்ணீரும் ஆற்றுப் பக்கம் இறங்கும். கிணறு வற்றினால் விவசாயி போர் போடுகிறார், அது வற்றினால் இன்னும் ஆழமாகப் போடுகிறார், ரிக் வண்டிக்காரருக்குக் கொடுத்த பணம், மோட்டார், குழாய், எல்லாமே திரும்பவும் உங்கள் வளர்ச்சி விகிதத்தில் போய்ச் சேருகிறது.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அணை பழசு என்றார்கள் அதிகாரிகள், மணலை அள்ளித் தரை இறங்கியதால் வந்த வினை என்றார்கள் விவசாயிகள். அதே வாரத்தில் திருவானைக்காவல் பக்கத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் விழுந்தன. வயதும் ஒரு காரணமாக இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் தூணின் அடியில் மணல் இருக்க வேண்டிய இடத்தில் கிணறுபோல் இறக்கிய அஸ்திவாரம் அப்பட்டமாக வெளியே தெரிந்ததை அந்தப் பாலத்தில் நடந்துபோனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 2024 வெள்ளத்தில் புதிய பாலத்தைக் காக்கக் கட்டிய தடுப்புச் சுவரும் போனது, ஆற்றுக்குள் நின்ற உயர் மின் கோபுரமும் சாய்ந்தது. முக்கொம்பில் 380 கோடிக்கு மேல் செலவழித்துப் புதுக் கதவணை கட்டினோம். வேலை நன்றாகவே நடந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவும் கட்டுமானத் துறையின் வளர்ச்சியாகத்தான் பதிவாகும். மணலை விற்றது ஒரு வளர்ச்சி, மணல் இல்லாத ஆற்றில் உடைந்ததைத் திரும்பக் கட்டியது இன்னொரு வளர்ச்சி. இப்படி ஒரு பில்லை நான் போட்டால் வீட்டுக்காரர் என்னை அடிக்க வருவார்.

இந்த இடத்தில் பொருளாதாரம் படித்தவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: ஒரு பொருள் அரிதானால் விலை ஏறும், விலை ஏறினால் மாற்றுப் பொருள் வரும், பூமிக்கு எல்லை இருக்கலாம், மனித மூளைக்கு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த மாற்று எங்கள் தொழிலில் ஏற்கெனவே வந்தாகிவிட்டது, அதனால் நேராகவே சொல்ல முடியும். எம்-சாண்ட், அதாவது செயற்கை மணல். ஆற்று மணல் கிடைக்காமல் போனபோது எல்லோரும் அதற்கு மாறினோம். கொத்தனார்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பூச்சு வேலையில் கரணை ஓட மாட்டேன் என்கிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்று. பிறகு பூச்சுக்கென்று பி-சாண்ட் தனியாக வந்தது, கையும் பழகிவிட்டது. கழுவிச் சலித்த நல்ல எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு எந்தக் குறையும் வைக்காது, இந்தியத் தரநிலையே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று தலையில் கட்டுகிறவர்களிடம் மாட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எம்-சாண்ட் எதிலிருந்து வருகிறது? மலையிலிருந்து. ஆற்றைக் காப்பாற்ற மலையை உடைக்கிறோம். ஆற்றுக்காவது வெள்ளம் வந்தால் கொஞ்சம் மணல் திரும்ப வரும். அதுவும் மேட்டூர், பவானிசாகர், அமராவதி என்று மேலே ஒவ்வொரு அணையும் வண்டலையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்வதால் முன்பு வந்த அளவுக்கு வருவதில்லை. மலைக்கு அதுகூடக் கிடையாது, உடைத்தால் உடைத்ததுதான். வெடி, டீசல், கிரஷருக்குக் கரண்ட், பக்கத்து ஊரில் வீட்டுச் சுவரில் விரிசல், பிள்ளைகளுக்கு இருமல், இதெல்லாம் போக. கேரளாவில் ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது நம் பக்கத்துக் கல்லும் எம்-சாண்டும் எல்லை தாண்டிப் போனதும், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் போனதும் தெரிந்த கதை. அங்கே ஆறு தப்பித்தது, இங்கே மலை போனது.

மூன்றாவது வழியையும் பார்த்தாயிற்று. 2017ல் தூத்துக்குடித் துறைமுகத்தில் மலேசியாவிலிருந்து கப்பலில் மணல் வந்து இறங்கியது. காவிரி ஓடுகிற மாநிலத்துக்கு மணல் இறக்குமதி! அது தனியார் கொண்டுவந்தது, கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது, பிறகு அரசே இறக்குமதி செய்தது. அதே மலேசியாவிடமும் இந்தோனேசியாவிடமும் கம்போடியாவிடமும் மணல் வாங்கிக் கடலைத் தூர்த்துத்தான் சிங்கப்பூர் தன் நிலத்தைப் பெருக்கியது. அந்த நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பாலைவனத்தில் இல்லாத மணலா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான மணல் அது, சிமெண்டோடு பிடிக்காது.

ஆக நம் ஆறு, நம் மலை, அடுத்தவன் ஆறு. மூன்றையும் இருபது முப்பது வருடத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டோம். மாற்று வரும் மாற்று வரும் என்று சொல்கிறவர்கள் நான்காவதைக் காட்டினால் முதல் ஆர்டர் நான் கொடுக்கிறேன்.

'அப்படியென்றால் ஏழை குடிசையிலேயே இருக்கட்டும் என்கிறாயா?' இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வர வேண்டிய கேள்விதான். நியாயமான பதில் என் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு. அஸ்திவாரம், கட்டு வேலை, கூரை, பூச்சு எல்லாம் சேர்த்து எங்கள் தோராயக் கணக்கில் ஐந்து யூனிட், மிஞ்சிப்போனால் ஆறு யூனிட் மணல். திட்டத்தின் இலக்கு 8 லட்சம் வீடு, அதாவது 40 லட்சம் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. பெரிய அளவுதான், ஆனால் எண்ணி முடிக்கிற அளவு, ஒரு நாள் முடிந்துவிடுகிற தேவை. குடிசையில் இருக்கிற கடைசிக் குடும்பத்துக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கை மூடிவிடலாம். மூட முடியாத கணக்கு வேறு: 3,600 சதுர அடியில் ஒருவர் கட்டுகிற வீட்டுக்குப் பத்துக் குடும்பத்தின் மணல் போகிறது, முதலீடு என்று வாங்கிப் பூட்டிப் போட்ட ஃபிளாட்டுகளுக்குப் போகிறது, இருபத்தைந்து வருடம்கூட ஆகாத கட்டிடத்தை இடித்துவிட்டு இன்னும் இரண்டு மாடி சேர்த்துக் கட்டுவதற்குப் போகிறது. இதைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறவனும் நான்தான், தெரியும். என்னை மாதிரி ஆட்கள் தானாக நிறுத்துவோம் என்று காத்திருக்காதீர்கள், ஒரு சைட்டை நான் வேண்டாம் என்றால் அடுத்த தெருக்காரர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பற்றாக்குறையைப் பங்கு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? எல்லோருக்கும் ரேஷன் அட்டை கொடுத்து அரிசி போடுகிற மாநிலம் இது. அரிசிக்குச் செய்ததை மணலுக்குச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். முதலில் ஆறு ஒரு வருடத்தில் எவ்வளவு திரும்பச் சேர்க்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கூடை எடுக்கக் கூடாது. எடுக்கிறதில் முதல் பங்கு சின்ன வீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு, அதுவும் தண்ணீரின் விலையையும் சேர்த்த விலையில். இப்போது நடப்பது தலைகீழ். எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலில் இலக்கு வைக்கிறோம், அதற்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று பிறகு பார்க்கிறோம், ஆற்றில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை.

இடித்ததைத் திரும்ப எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கட்டிட இடிபாடுகளுக்கென்று 2016லேயே மத்திய அரசு விதி கொண்டு வந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அரைத்துப் பிரிக்கிற ஆலைகள் இருக்கின்றன. பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை எம்25 என்ற வலிமைத் தரம் வரைக்கும் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் சேர்க்கலாம் என்று தரநிலையில் இடமும் இருக்கிறது. எங்கள் ஊரில் இடிபாடு எங்கே போகிறது தெரியுமா? ஏரிக்கரைக்கும் வாய்க்காலுக்கும். பொதுப்பணித்துறை தன் சொந்த டெண்டரில் 'இவ்வளவு சதவீதம் மறுசுழற்சி ஜல்லி கட்டாயம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மறுநாளே ஊருக்கு ஊர் மெஷின் இறங்கிவிடும். ஆனால் ஐந்தில் ஒரு பங்குதான், நினைவிருக்கட்டும். மறுசுழற்சி மட்டுமே ஏழரை மடங்கு வளர்ச்சிக்கு மணலும் ஜல்லியும் கொடுத்துவிடாது.

இதெல்லாம் உங்கள் குழுவின் வேலை இல்லை, நீர்வளத்துறை இருக்கிறது, கனிமவளத்துறை இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். மாநிலத்தின் பொருளாதார ஆய்வறிக்கையை 2025 மார்ச்சில் முதல் முறையாகத் தயாரித்து வெளியிட்டது நீங்கள்தான். அதனால் எண்களில் எது வரும், எது வராது என்று தீர்மானிப்பதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. முறை இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 2025 மார்ச்சில் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறையில், இயற்கை வளம் தீர்ந்துபோவதை உற்பத்திச் செலவாகக் கழித்து நிகர உற்பத்தியைச் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டது. அதற்கு முன்பே 2013ல் பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்தியாவுக்கே, இயற்கை வளத்தையும் சேர்த்துப் பார்க்கிற பசுமைக் கணக்கு போடும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. டெல்லி எப்போது செய்யும் என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சத்துணவில் காத்திருந்தோமா?

நான் கேட்பது ஒரு பக்கம், ஒரு அட்டவணை. ஆற்று மணல், பாறை, நிலத்தடி நீர் என்று மூன்று வரி போதும் தொடக்கத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் வருடத் தொடக்க இருப்பு, சேர்ந்தது, எடுத்தது, வருடக் கடைசி இருப்பு. அதன் மதிப்பைக் கழித்த வளர்ச்சி விகிதத்தை, கழிக்காத விகிதத்துக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில் போடுங்கள். 11.19க்குப் பக்கத்தில் எந்த எண் வந்தாலும் நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

அளப்பதற்கு வழியும் உண்டு. 2020ல் வந்த மத்திய அரசின் மணல் கண்காணிப்பு வழிகாட்டுதலே மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஆற்றுத் தரையை அளக்கச் சொல்கிறது. நம் ஆற்றுக்கு நாள் பார்ப்பதும் சுலபம்: வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ல் திறக்கும், ஜனவரி 28ல் மூடும். இந்த இரண்டு தேதிக்கும் நடுவே இறங்கிப் பயனில்லை. முக்கொம்பிலிருந்து அணைக்கரை வரைக்கும் கொள்ளிடத்தை அளக்க வேண்டுமானால் பிப்ரவரியில் ஆரம்பித்தால் கோடைக்குள் முடிக்கலாம். அந்த அளவுகளைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், பூட்டி வைக்காதீர்கள். ஆற்றின் குறுக்கே தரை மட்டத்தை அளக்க வருகிறவர்களுக்கு எந்தப் படித்துறையில் ஆற்றுக்குள் இறங்கலாம், எங்கே பள்ளம், எங்கே பழைய தரை மட்டத்தின் அடையாளம் படித்துறைச் சுவரில் இன்னும் இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க இரண்டு கரையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். லெவல் கருவியும் அதைப் பார்க்கத் தெரிந்த இரண்டு பையன்களும் என்னிடம் உண்டு, கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கட்டிட ஒப்பந்தக்காரர்